வெள்ளவத்தைப் பாலத்துக்கு வராத கவச வண்டிகள்

சென்ற இதழில், ரோமில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலீனைப் பிஸ்தோரியாப் போர்க்களத்தில் விட்டு வந்தோம். கி.மு. 62இன் தொடக்கத்தில், தன் ஆட்கள் நின்ற இடத்திலேயே விழுந்து மடிய, பகைவர் நடுவே புகுந்து அவன் உயிரை விட்டான். அதற்கு ஒரு மாதம் முன்னரே, டிசம்பர் 5ஆம் திகதி, ரோமில் பிடிபட்ட அவனுடைய கூட்டாளிகள் ஐந்து பேரைச் சிறையின் நிலவறையில் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. செனட் சபை கூடிப் பேசியது; கொன்சலாக இருந்த சிசரோ தண்டனையை நிறைவேற்றினார்.

அந்தச் சதியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இரண்டு பேர் சொன்னது. ஒருவர், சதியை முறியடித்த சிசரோவே. அன்று ஆற்றிய நான்கு உரைகளையும் அவர் மூன்று ஆண்டுகள் கழித்துச் செப்பனிட்டு வெளியிட்டார். அதற்குள் ஐவரைக் கொன்ற பழி அவர் தலையில் விழுந்திருந்ததால், அந்த உரைகளில் அவருடைய தற்காப்பும் கலந்துவிட்டது. மற்றவர் சல்லஸ்ட். சீசரின் ஆதரவாளர். சம்பவம் நடந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர். ரோமின் ஒழுக்கம் சீரழிந்த கதையைச் சொல்ல அவருக்கு ஒரு கொடியவன் தேவைப்பட்டான், கத்திலீன் கிடைத்தான். கத்திலீனின் குரலைக் கேட்க வேண்டுமென்றால், சல்லஸ்ட் தன் நூலுக்குள் எடுத்துவைத்திருக்கும் கடிதத்தைத்தான் தேடிப் போகவேண்டும்.

தோற்றுப்போன சதியை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியோடு இந்த இதழில் ஊருக்குத் திரும்புவோம். கொழும்பு, 1962 ஜனவரி 27, சனிக்கிழமை.

காலி வீதியில் பம்பலப்பிட்டி முடிந்து வெள்ளவத்தை தொடங்கும் இடத்தில் ஒரு கால்வாய் கடலுக்குப் போகிறது. ஒரு பக்கம் புனித பேதுரு கல்லூரி, மறுபக்கம் கொஞ்சம் தள்ளி சவோய் தியேட்டர். நடுவில் இருக்கும் பாலத்தைப் பாலம் என்றே யாரும் கவனிப்பதில்லை; பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு நொடி. அன்று நள்ளிரவுக்குப் பிறகு வெள்ளவத்தைப் பாலத்திலும், ஹைலெவல் வீதியில் கிருலப்பனைப் பாலத்திலும், வானொலித் தொடர்புள்ள கவச வண்டிகளை நிறுத்துவது சதிகாரரின் திட்டம். ஹோமாகமைக்கு அருகே பனாகொடை முகாமில் இருந்த காலாட்படை அரசாங்கத்துக்கு விசுவாசமாகக் கொழும்புக்குள் வர முயன்றால் அங்கே தடுக்கவேண்டும். நகரத்தின் தென்வாசலை இரண்டு பாலங்களில் பூட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இந்த ஊரின் நிலஅமைப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திட்டத்துக்கு இட்ட பெயர் 'ஹோல்ட்ஃபாஸ்ட்'. இரவோடு இரவாக அமைச்சர்களையும் பொலிஸ், பாதுகாப்பு உயரதிகாரிகள் சிலரையும் இடதுசாரித் தலைவர்களையும் கைது செய்வது, தந்தி அலுவலகத்தையும் தொலைபேசி நிலையத்தையும் கைப்பற்றுவது, ஊரடங்கு அறிவிப்பது, பிறகு மகாதேசாதிபதியிடம் போய்ப் பாராளுமன்றத்தைக் கலைக்கச் செய்வது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அன்று கதிர்காமம் போவதாக இருந்தது. அவர் ஊரில் இல்லாத இரவு என்று நினைத்துத்தான் நாள் குறித்தார்கள்.

முன்னணியில் நின்றவர்களைப் பார்த்தால் கொழும்பின் பழைய மேட்டுக்குடியின் குடும்பப் படத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். கேர்ணல் எவ். சி. டி சேரம், தொண்டர் படையின் துணைக் கட்டளையதிகாரி, சட்டத்தரணி; அதற்கெல்லாம் மேலாகக் கிரிக்கெட் வீரர். 1934இல் ஒக்ஸ்போர்ட் அணிக்காக ஆடி, இங்கிலாந்து வந்த அவுஸ்திரேலியருக்கு எதிராகச் சதம் அடித்தவர். பிறகு இலங்கை அணியின் தலைவர். தொண்டர் படையின் கட்டளையதிகாரி கேர்ணல் மொரிஸ் டி மெல். கடற்படைத் தளபதி பதவியிலிருந்து 1960இல் நீக்கப்பட்ட அவருடைய சகோதரர் ரியர் அட்மிரல் ரொய்ஸ் டி மெல். ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மா அதிபர் சிட்னி டி சொய்சா. பணியில் இருந்த பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்க, அவரை எல்லோரும் 'ஜங்கிள்' என்றே அழைப்பார்கள். சிவில் சேவை அதிகாரி டக்ளஸ் லியனகே. இந்தக் கடைசிப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் சதி செய்தார்கள்? அவர்கள் வளர்ந்த இலங்கை கண்முன்னே கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958இல் இனக்கலவரம். 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க கொலை. 1960 ஜூலையில் அவருடைய மனைவியின் அரசாங்கம் வந்தது; அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் சட்டங்கள் இயற்றி உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. சுதந்திரம் வந்தபோது படையிலும் பொலிஸிலும் மேல்மட்டத்தில் கிறிஸ்தவர்கள் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தார்கள். புதிய அரசாங்கம் அதை மாற்ற முனைந்தது. வேலைநிறுத்தங்களை உடைக்கவும் சத்தியாக்கிரகிகளைக் கலைக்கவும் படையை ஓயாமல் இறக்கியது. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி நடத்திய சத்தியாக்கிரகத்தை அவசரகால நிலையும் இராணுவமும் கொண்டு முடித்துவைத்தார்கள். கட்சித் தலைவர்களைக் கொண்டுபோய் அடைத்தது அதே பனாகொடை முகாமில். பக்கத்து நாடுகளோ வேறொரு வழியைக் காட்டிக்கொண்டிருந்தன. 1958இல் பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்திருந்தார். பர்மாவில் நெ வின் 1962 மார்ச்சில் பிடித்தார், கொழும்புச் சதி பிசகிய ஐந்தாவது வாரம்.

கொழும்பில் அது பிசகியது ஒரு வீட்டுக்குள். கொழும்புப் பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனாநாயக்கவைச் சதியில் சேர்க்காமல் நகரத்தில் எதையும் செய்யமுடியாது. ஆகவே அன்றைய தினமே அவரிடம் விஷயம் சொல்லப்பட்டது. அவருடைய மாமனார், ஆனந்தாக் கல்லூரியைக் கட்டியெழுப்பிய பி. டி எஸ். குலரத்ன. மருமகன் வாயிலாக மாமனாருக்கும், அவர் வழியாகப் பொலிஸ் மா அதிபர் அபேகோனுக்கும், பிறகு பாதுகாப்பு வெளிவிவகார அமைச்சின் பாராளுமன்றச் செயலாளரும் நிதி அமைச்சருமான பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. பிரதமர் கதிர்காமம் போகவில்லை. அலரி மாளிகைக்குத் தளபதிகள் அழைக்கப்பட்டார்கள். விஷயம் கசிந்துவிட்டது என்று தெரிந்ததும் சதிகாரர் திட்டத்தைக் கைவிட்டார்கள். கவச வண்டிகள் பாலங்களுக்கு வரவில்லை. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. யாரும் சாகவில்லை. விடியுமுன் கைதுகள் தொடங்கின.

ரோமிலும் இப்படித்தான். அல்லோபுரோகர் என்ற கௌல் இனத்தின் தூதர்களைச் சதிகாரர் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். அவர்கள் சிசரோவிடம் சொல்லிவிட்டார்கள். கடிதங்களோடு மில்வியன் பாலத்தில் எல்லாம் பிடிபட்டது. இரண்டு சதிகளிலும் சேர்த்துக்கொள்ளத் தேடிப்போன ஆளே அரசாங்கத்துக்குச் செய்தி சொன்னவர். வித்தியாசம், சிசரோவின் கையில் முத்திரையிட்ட கடிதங்கள் இருந்தன. கொழும்பில் அப்படி எழுத்தில் அதிகம் எதுவும் இல்லை. ஆகவே வாக்குமூலம் வேண்டியிருந்தது. பிடிபட்டவர்கள் வாயால் சொன்னதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. அதை வாங்கிய முறைதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியம்.

அலரி மாளிகையில் கைதிகளைப் பீலிக்ஸ் டயஸ் நேரடியாக விசாரித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. சட்டம் படித்தவர், கூர்மையான மூளை. கைது செய்யப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவரும் உண்டு. தன்னைப் பிடிக்க வந்தவர்களைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் அமைச்சர் என்பது எந்த நாட்டிலும் சாதாரண விஷயம் இல்லை. குற்றப் புலனாய்வுக்குப் பொறுப்பாக இருந்த பிரதிப் பொலிஸ் மா அதிபரோ எஸ். ஏ. திசாநாயக்க, பட்டப்பெயர் 'ஜிங்கிள்'. சந்தேக நபரான 'ஜங்கிளின்' உடன்பிறப்பு. அண்ணன் தம்பி இருவரும் அந்த ஒரே இரவில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். ஆங்கிலம் பேசிய கொழும்பு எவ்வளவு சிறிய ஊர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பெப்ரவரி 13ஆம் திகதி அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. இந்தச் சதியின் முதல் வரலாறு அதுதான். சதிகாரர் எனப்பட்டவர்களின் பெயர்கள், ஒவ்வொருவரும் ஆற்றிய பங்கு, சதியின் நோக்கம் எல்லாம் அதில் வந்தன. வழக்கு ஒன்று தொடங்கியிருக்கவில்லை. சாட்சி எவரும் கூண்டில் ஏறவில்லை. ஆனாலும் அறிக்கை முடியும் இடத்தில், குற்றவாளிகளுக்குக் கடுமையான, மற்றவர்கள் அஞ்சத்தக்க தண்டனை கொடுத்தே ஆகவேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. வெற்றி பெற்றவர் பதினேழு நாட்களில் எழுதி முடித்த வரலாறு அது. சிசரோவுக்குக்கூட மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்த வரலாற்றுக்கு ஒரு நாயகனும் ஒரு வில்லனும் வேண்டும். வில்லன் யார் என்பதை ஊரே எளிதில் சொல்லக்கூடியதாக இருந்தது: கிறிஸ்தவன், அதிலும் கத்தோலிக்கன். பின்னர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட 24 பேரும் கிறிஸ்தவர்கள்தான். சிங்களவர் 12, தமிழர் 6, பறங்கியர் 6. இந்தக் கணக்கு உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் கணக்கு உண்மையாக இருப்பது ஒன்று, அதிலிருந்து ஒரு சமயத்தின் மீதே சதிப் பட்டம் கட்டுவது வேறொன்று. டி சேரம் பாதிரியார் சொல்லிச் சதி செய்தவர் இல்லை. ஒரு வர்க்கம், ஒரு பள்ளிக்கூட வாழ்க்கை, ஒரே கிளப், ஒரே மொழி. அந்த உலகத்தின் ஆட்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள், மற்றவரை நம்பவில்லை. நம்பிக்கைக்குரியவரைத் தேடிப் போனவர்கள் தங்களைப் போன்றவர்களையே தேடிப் பிடித்தார்கள். கிறிஸ்தவச் சதி என்று சுருக்கும்போது இந்த வர்க்கக் கதை முழுவதும் மறைந்துபோகிறது. அது மறைவது, அதே வர்க்கத்திலிருந்து வந்து ஆட்சி நடத்திய குடும்பங்களுக்கு வசதியாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பட்டம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. புனித லூசியா பேராலயத்தின் கோபுரத்தைச் சுற்றித் தமிழ்க் கத்தோலிக்கரும் சிங்களக் கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக நெருங்கி வாழும் பகுதி அது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, மொஹொட்டிவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையை நோக்கிப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினார்கள். அந்தக் கலவரத்தின் நினைவு பௌத்தர் மனத்தில் ஆறாமல் இருந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. அதே கொட்டாஞ்சேனை 1960இன் கடைசியிலும் 61இன் தொடக்கத்திலும் பள்ளிக்கூடங்கள் பறிபோகும் என்ற அச்சத்தில் இருந்தது. நாட்டின் பல இடங்களில் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் சமரசம் பேச வந்தார். புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி போன்ற பெரிய பள்ளிகள், கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக, அரச உதவியில்லாமல் தாங்களாகவே நடத்திக்கொள்ள முடிவு செய்தன. மாணவரிடம் கட்டணமும் வாங்கக்கூடாது, அரசிடம் உதவியும் கிடையாது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க ஒவ்வொரு பங்கும் சிரமப்பட்டு நிதி சேர்த்தது. அந்த வேதனை ஆறுவதற்குள் ஜனவரி 27 வந்தது. யாரோ கேர்ணல்கள் போட்ட திட்டத்துக்கு, தொழிலாளிக் குடும்பத்துக் கத்தோலிக்கர் எல்லாம் சந்தேகப் பார்வையைச் சுமக்க நேர்ந்தது.

வெள்ளை அறிக்கைக்கு அடுத்தது சட்டம். 1962 மார்ச் 16ஆம் திகதி பாராளுமன்றம் குற்றவியல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் இலக்கம் அந்த ஆண்டின் முதலாம் இலக்கம். ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே அது நடைமுறையில் இருந்ததாகக் கருதவேண்டும் என்றது. ஏற்கெனவே நடந்து முடிந்த தடுப்புக்காவலை அது செல்லுபடியாக்கியது. யூரி இல்லை, மூன்று நீதியரசர்கள், அவர்களை நியமிப்பவர் நீதி அமைச்சர். ஆகக்குறைந்த தண்டனை பத்து ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும். இவற்றோடு, பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அறவே ஏற்காது. அடைத்துவைத்துக் கேட்கும் கேள்விக்கு எந்தப் பதிலையும் வரவழைக்கலாம் என்பது வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. அந்தக் கதவை 1962இல் முதன்முறையாகத் திறந்து விட்டார்கள். சட்டத்தில் எந்தப் பெயரும் இல்லை. ஜனவரி 27ஐ ஒட்டி நடந்த குற்றம் என்று மட்டும் இருந்தது. பெயர்கள்தாம் வெள்ளை அறிக்கையில் ஏற்கெனவே வந்துவிட்டனவே.

நீதிமன்றம் தயங்கியது. அந்தத் தயக்கம் இலங்கை நீதித்துறையின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம். நீதியரசர்கள் ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, பி. ஸ்ரீ ஸ்கந்தராஜா மூவரும் அமர்ந்த முதல் ஆயம், அமைச்சர் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைப்பது என்று தீர்ப்பளித்துத் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. சட்டம் திருத்தப்பட்டு, நியமிக்கும் அதிகாரம் பிரதம நீதியரசருக்குப் போயிற்று. இரண்டாவது ஆயமும் நிலைக்கவில்லை. அதில் ஒருவர் முன்பு சட்டமா அதிபராக இருந்தபோது இதே விசாரணைக்கு உதவியவர் என்ற காரணத்தால் அதுவும் கலைந்தது. மூன்றாவது ஆயம் 1963 ஜூன் 3ஆம் திகதி தொடங்கி 324 நாட்கள் அமர்ந்தது.

தீர்ப்பு 1965 ஏப்ரல் 6. அதற்கு இரண்டு வாரங்கள் முன்னர்தான் தேர்தலில் சிறிமாவோ அரசாங்கம் தோற்று டட்லி சேனாநாயக்க பிரதமராகியிருந்தார். 24 பேரில் 11 பேர் குற்றவாளிகள். பத்து ஆண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல். தண்டனையைக் குறைக்கத் தங்களுக்கு இடமே வைக்கப்படவில்லை என்பதை நீதியரசர்கள் தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டினார்கள்.

மேன்முறையீட்டில், லண்டனில் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி எல்லாவற்றையும் தள்ளிவைத்தது. பிரபு பியர்ஸ் வாசித்த அந்தத் தீர்ப்பு, 'லியனகே எதிர் இராணி' என்ற பெயரில் உலகம் முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அதன் சாரம் இது: குறிப்பிட்ட சில ஆட்களை, குறிப்பிட்ட ஒரு சம்பவத்துக்காகத் தண்டிக்கவென்றே வெட்டித் தைக்கப்பட்ட சட்டம், சட்டமன்றம் செய்யும் தீர்ப்பேயாகும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இலங்கை அரசியலமைப்பில் நீதிமன்றங்களுக்கே உரியது. ஆகவே சட்டம் செல்லாது, தண்டனையும் செல்லாது. பதினொரு பேரும் விடுதலையானார்கள்.

விளைவு, நாட்டில் நடந்த முதலாவது இராணுவச் சதிக்கு இறுதியாக நிலைத்து நிற்கும் தீர்ப்பு எதுவும் இல்லாமல் போயிற்று. சதி நடந்ததா? நடந்தது. அதில் எனக்கு ஐயமே இல்லை. மக்கள் தெரிவுசெய்த அரசாங்கத்தைத் துப்பாக்கி முனையில் கலைக்கப் புறப்பட்டது பெருங்குற்றம். ஒழுங்கான சட்டத்தின் கீழ், வழமையான நீதிமன்றத்தில் அது நிரூபணமாகியிருக்கக் கூடும். அரசாங்கம் அந்தப் பொறுமையைக் காட்டியிருந்தால் வரலாற்றுக்கு ஒரு நேர்மையான ஆவணம் கிடைத்திருக்கும். வெற்றி உறுதியாக வேண்டும் என்ற அவசரம் அந்த ஆவணத்தைக் கெடுத்துவிட்டது.

அந்த இடைவெளியில் மற்றத் தரப்பு தன் கதையை நிரப்பியது. விடுதலையானவர்களும் அவர்களுடைய நண்பர்களும் பிற்காலத்தில் சொன்ன வடிவத்தில், சதிகாரர் ஜனநாயகத்தின் காவலர்கள். பீலிக்ஸ் டயஸ் சர்வாதிகாரத்தை நோக்கி நாட்டைக் கொண்டுபோனார், அதை முந்திக்கொண்டு தடுக்கப் பார்த்தோம், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் முடித்திருப்போம், ஆட்சியை மூத்த அரசியல்வாதிகளிடம் ஒப்படைத்திருப்போம் என்பது வாதம். கொஞ்சம் சர்வாதிகாரம் இருந்தால் நாட்டுக்கு நல்லது என்ற பொருளில் பீலிக்ஸ் சொன்னதாகப் பரவியிருந்த பேச்சு இதற்குத் துணையாகக் காட்டப்பட்டது. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலகவின் பெயரும் முன்னாள் பிரதமர்களின் பெயர்களும் விசாரணையில் அடிபட்டன. 1962 மார்ச் 2ஆம் திகதி குணதிலகவின் இடத்துக்கு வில்லியம் கோபல்லாவ வந்தார். கிளப்புகளிலும் வரவேற்பறைகளிலும் இந்தக் கதை கிசுகிசுவாகவே வாழ்ந்தது. அதை நம்புவதற்கும் நான் தயாரில்லை. பாலத்தில் கவச வண்டி நின்று, பனாகொடையிலிருந்து லொறிகள் வந்திருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று அந்தக் கதை சொல்வதே இல்லை.

சதியில் இருந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசி, அவர்களுடைய நோக்கங்களை ஆராய்ந்து எழுதியவர் அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஹொரோவிட்ஸ். அவருடைய நூல் 1980இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. ஒரே காரணம் எவரையும் இயக்கவில்லை என்பதை அது பொறுமையாகக் காட்டுகிறது. பதவி உயர்வு தட்டிப்போன கோபம், அரசியல்வாதிகள் படைக்குள் தலையிட்ட எரிச்சல், இன சமய அச்சம், கைநழுவும் வர்க்கத்தின் பீதி எல்லாம் ஆளுக்கு ஒரு விகிதத்தில் கலந்திருந்தன. வெள்ளை அறிக்கையையும் வரவேற்பறைக் கதையையும் படித்துவிட்டு இதைப் படிப்பவருக்கு, மனிதர்களை மறுபடி மனிதர்களாகப் பார்க்கும் ஆறுதல் கிடைக்கும். ஆனாலும் அதற்கு அடிப்படை, தோற்றவர்கள் ஆண்டுகள் கழித்துத் தங்களைப் பற்றிச் சொன்னது என்பதை நாம் மறக்கக்கூடாது.

இனி, ரோமில் சிசரோவுக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம். கி.மு. 58இல் குளோடியஸ் என்ற மக்கள் ட்ரிபியூன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். உரோமக் குடிமகன் எவனையும் விசாரணையின்றிக் கொன்றவன் நாடுகடத்தப்பட வேண்டும் என்றது சட்டம். பெயர் ஏதும் இல்லை. நடந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, பின்னோக்கிப் பாய்ந்தது. யாரைக் குறிக்கிறது என்று ரோமில் தெரியாதவர் இல்லை. சிசரோ இரவில் ஊரைவிட்டுப் போனார். அடுத்து அவருடைய பெயரையே போட்டு இன்னொரு சட்டம் வந்தது. சொத்து பறிபோயிற்று. பலத்தீன் குன்றில் இருந்த வீட்டை இடித்து அந்த இடத்தில் சுதந்திர தேவிக்குக் கோயில் எழுப்பினார்கள். தனி ஒருவருக்காகச் சட்டம் செய்யக்கூடாது என்பது ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று சிசரோ பின்னர் வாதாடினார். ஐவருக்கு வழக்கில்லாமல் தண்டனை கொடுத்த நாளில் அந்தப் பலகைகள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

கொழும்பிலும் குளோடியஸ் வந்தார். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்ததும் விசேட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டம் 1978இன் 7ஆம் இலக்கமாக நிறைவேறியது. அது பழைய காலத்துக்குப் பின்னோக்கிச் செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது, பாராளுமன்றம் சட்டத்தையும் அரசியலமைப்பையும் திருத்தி அந்தத் தடையை நீக்கிக்கொண்டது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்கும் அதே கதி. பின்னோக்கிச் செல்லும் சட்டத்தை 1962இல் எழுதியவர்களின் மீதே பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே வகைச் சட்டம் பாய்ந்தது. அதைக் கேட்டுத் தடுக்கக் கோமறைக் கழகமும் இல்லை. லண்டனுக்கு மேன்முறையீடு செய்யும் வழியை 1971இல் மூடியது சிறிமாவோவின் இரண்டாவது அரசாங்கம்.

அந்த இரண்டாவது அரசாங்கத்தில் நீதி அமைச்சர் பீலிக்ஸ் டயஸ்தான். 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகு, 1972இல், குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. சாட்சிய விதிகள் மறுபடி தளர்ந்தன. இந்த முறை கூண்டில் நின்றவர்கள் தெற்கின் கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்றது அதன் 16ஆம் பிரிவு. அந்தப் பிரிவு யாரைத் தேடி வந்தது என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விளக்கத் தேவையில்லை. லொட்ஜ் அறைகளில் தங்கியிருந்த வடக்குக் கிழக்குப் பிள்ளைகள், புரியாத சிங்களத்தில் எழுதிய தாள்களில் கையொப்பமிட்டார்கள். அந்தத் தாள்களே வழக்காயின, வழக்குகளே ஆண்டுகளாயின. 1962இல் ஒக்ஸ்போர்ட் படித்த கேர்ணலுக்காகத் திறந்த கதவு அது. கேர்ணல்களை மீட்க லண்டனில் ஒரு நீதிமன்றமும் அதற்குப் போகப் பணமும் இருந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கவில்லை. 1962இல் தமிழ்த் தலைவர்களும் வாசகர்களும் அந்தச் சட்டத்தைச் சிங்கள மேட்டுக்குடியின் உள்வீட்டுச் சண்டையாக மட்டும் பார்த்திருந்தால், அதன் விலை பிறகு நம் வீடுகளில்தான் கேட்கப்பட்டது.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயருக்கு வருகிறேன். முதலாம் எதிரி டக்ளஸ் லியனகே ஜே. ஆர். அரசாங்கத்தில் மீண்டும் உயர்பதவிக்கு வந்தார். செய்தித்துறையைத் தன் கீழ் வைத்திருந்த அரச அமைச்சின் செயலாளர் அவர். 1983 ஜூலையில் காலி வீதியின் தமிழ்க் கடைகள் எரிந்தபோது உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அரசாங்கத்தின் தகவலைச் சொல்லும் பொறுப்பு அந்த அமைச்சிடம் இருந்தது. ஒருகாலத்தில் அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கையில் தன் பெயரைப் படித்தவர், இருபத்தொரு ஆண்டுகள் கழித்து அரசாங்கத்தின் குரல் புறப்படும் அலுவலகத்தில் அமர்ந்திருந்தார்.

அடுத்த இதழில் 1966. இந்த முறை சதிக் குற்றச்சாட்டு இராணுவத் தளபதி ரிச்சர்ட் உடுகமவின் மீதும் ஹென்பிட்டகெதர ஞானசீக தேரர் மீதும் விழுகிறது. 1961இல் யாழ்ப்பாணத்துக்குப் படையோடு அனுப்பப்பட்ட அதே உடுகம. கூண்டில் நின்றவர்கள் இந்த முறை பௌத்தர்கள். விசாரித்தது டட்லியின் அரசாங்கம். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் எவருமில்லை.